அரணைப் பெட்டியில் சிவப்பு மணல்

பாளையங்கோட்டை
9 ஜூன் 2024

திருமதி பேச்சித்தாய் அவர்களுக்கு,

இந்தக் கடிதம் அரணையின் கண்ணாடிப் பெட்டியோடு வருகிறது. குமரகுருபரனிடம் வாயால் சொல்லி அனுப்பினால் பாதி வழியிலேயே மறந்துவிடுவார். எனக்கு அது பதினோரு வருஷப் பழக்கம். மூன்று வருஷத்தில் உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் எண்ணை என் போனில் சேர்த்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அதனால் எழுதுகிறேன். தவிர, கோர்ட்டில் தட்டச்சு செய்கிறவள் நான். எழுத்தில் இருந்தால் பின்னால் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

பெயர் சீனிக்கிழங்கு. ஹம்ஸினி வைத்தது. பார்க்கவும் அப்படித்தான் இருக்கும், நான்கு குட்டைக் கால் முளைத்த கிழங்கு மாதிரி. நம் தோட்டங்களில் ஓடும் அரணை அல்ல, இந்தோனேசிய இனம். நாக்கு நீலமாக இருக்கும். விஷம் கிடையாது. என் தம்பி சென்னையில் வாங்கிக் கொடுத்தான். முறையாகப் பதிவு செய்த சான்றிதழ் உறைக்குள் இருக்கிறது, பத்திரம்.

வாரத்தில் மூன்று நாள் சாப்பாடு போதும். வேக வைத்த முட்டை, கீரை, பூசணித் துண்டு. விளக்கு காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை எரிய வேண்டும். அது இறங்கி உட்காரும் அளவுக்குத் தண்ணீர்த் தட்டு. பெட்டியின் அடியில் பழைய செய்தித்தாளை நான்கு மடிப்பாக விரித்திருக்கிறேன். தினமும் மாற்ற வேண்டும்.

ஹம்ஸினியைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. ஏப்ரலில் நீதிபதி அவளைத் தனியாக அழைத்து யாரிடம் இருக்க விருப்பம் என்று கேட்டபோது, "அப்பா வீட்டுக்குப் போறேன்" என்று அவள் சொன்னதாக உத்தரவில் இருக்கிறது. நான் வேலை செய்யும் அதே வளாகத்தில், இரண்டு அறை தள்ளி, எனக்குத் தெரிந்த ஒருத்தி அந்த வரியைத் தட்டச்சு செய்தாள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவளை என்னோடு போனில் பேச வையுங்கள். காலாண்டு, அரையாண்டு லீவுக்கு என்னிடம் அனுப்புங்கள். இவையும் உத்தரவில் உள்ளவை.

சண்முகவடிவு


அம்பாசமுத்திரம்
23 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பேச்சித்தாய் எழுதுவது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் கடிதமே எழுதியதில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா சௌக்கியம். புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் மட்டும் அழுதாள். இரண்டாம் நாள் ஒரு கூட்டாளியைப் பிடித்துவிட்டாள். இங்கே வந்த மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பிறகு நான் சொதி வைத்தேன், இரண்டு தட்டு சாப்பிட்டாள். இப்போது என் பக்கத்தில்தான் படுக்கிறாள். நீங்கள் கவலைப்படக் கூடாது என்றுதான் இதெல்லாம் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் அரணையைக் கண்டால் முதலில் விளக்குமாற்றைத்தான் தேடுவோம். பெட்டியைத் திறந்ததும் அது நாக்கை நீட்டியது பாருங்கள், நான் அடுப்படிக்கே ஓடிவிட்டேன். அவர் சிரித்தார். "ஏளா, அது ஒன்னையக் கண்டு பயப்படுது" என்றார். இப்போது கையில் எடுக்கப் பழகிவிட்டேன். நல்ல கனம்.

ஒன்று கேட்க வேண்டும். சீனிக்கிழங்கு பகலெல்லாம் பேப்பரைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. மூக்கை நுழைத்து நுழைத்து அதைச் சுருட்டி அடியில் ஒளிகிறது. மண்ணுக்குள் போகிற ஜீவன் என்று பார்த்தாலே தெரிகிறது. நான் பூதலிங்கம் அண்ணாச்சியின் நர்சரியில் எட்டு வருஷமாகத் தொட்டி மண் கலக்கும் வேலை பார்க்கிறேன், மண் எனக்குத் தெரியும், அரணை தெரியாது. மூன்று யோசனை வைத்திருக்கிறேன். தேங்காய் நார்க்கழிவு போடலாம். இல்லையென்றால் செம்மண்ணும் இலைமக்கும் கலந்து போடலாம். அதுவும் இல்லையென்றால், அலங்காரத் தொட்டிகளின் மேலே தூவ உவரியிலிருந்து அண்ணாச்சிக்கு ஒரு சிவப்பு மணல் வருகிறது, சலித்தால் குங்குமம் மாதிரி இருக்கும், அதைப் போடலாம். எது நல்லது? நீங்கள் சொல்லுகிறபடி செய்கிறேன்.

அன்புடன்
பேச்சித்தாய்


பாளையங்கோட்டை
4 ஜூலை 2024

திருமதி பேச்சித்தாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என்னை அக்கா என்று எழுத வேண்டாம். நமக்குள் இருக்கிற உறவுக்குத் தமிழில் வேறு ஒரு சொல் உண்டு. அதை இருவரும் எழுதாமல் இருப்பது நல்லது.

ஹம்ஸினி ஆறு வயதிலிருந்து தனியாகப் படுத்துப் பழகியவள். அந்தப் பழக்கத்தைக் கெடுக்க வேண்டாம். சொதி அவளுக்கு என் வீட்டிலும் கிடைத்தது.

போன ஞாயிறு போனில் பத்து நிமிஷம் பேசினாள். அதற்குள் "பேச்சிம்மா" என்று ஏழு தடவை சொன்னாள். பேச்சிம்மா பூத்தொட்டி கொண்டுவந்தாள், பேச்சிம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும், பேச்சிம்மா மலையில் பிறந்தவள், யானையைப் பக்கத்தில் பார்த்தவள். நான் யானையைக் கோயிலில்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரை நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களா, அவளே வைத்துக்கொண்டாளா என்று தெரிவிக்கவும்.

பெட்டிக்குள் என்ன போடுவது என்று கேட்டிருந்தீர்கள். மண் உங்கள் தொழில், அதில் நான் சொல்ல என்ன இருக்கிறது. உங்களுக்கு எது அழகாகத் தெரிகிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சண்முகவடிவு


அம்பாசமுத்திரம்
21 ஜூலை 2024

வணக்கம்.

அந்தப் பெயரை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. "ஒங்கள என்னன்னு கூப்பிட?" என்று பாப்பா கேட்டாள். "ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படிக் கூப்பிடு" என்றேன். ஒரு நாள் முழுக்க யோசித்து அவளே கூப்பிட்டாள்.

பெட்டிக்குச் சிவப்பு மணலே போட்டுவிட்டேன். மூன்று தடவை சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்தது. ஒரு மூலையில் ஓட்டுத் துண்டு வைத்துக் குகை மாதிரி செய்திருக்கிறேன். இன்னொரு மூலையில் ஆற்றிலிருந்து பொறுக்கிய கூழாங்கல். பாப்பா எடுத்த போட்டோவை ஸ்டூடியோவில் கழுவி இதோடு வைத்திருக்கிறேன். "பேப்பர்ல கெடக்கும்போது ஆஸ்பத்திரி மாதிரி இருந்துச்சு பேச்சிம்மா, இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள்.

பேச்சித்தாய்


அம்பாசமுத்திரம்
19 செப்டம்பர் 2024

வணக்கம்.

என் போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அவர் உங்களுக்குப் போன் பண்ணப் பயப்படுகிறார். அதனால் நான் எழுதுகிறேன்.

சீனிக்கிழங்குக்கு உடம்பு சரியில்லை. ஒன்பது நாளாகச் சாப்பிடவில்லை, வெளிக்கும் போகவில்லை. பின்னங்கால்களை இழுத்து இழுத்து நகர்ந்தது. போன சனிக்கிழமை பாப்பாவும் நானும் அதைத் துணிப்பையில் வைத்து பஸ்ஸில் உங்கள் ஊர்ப் பக்கம் ஜங்ஷனுக்குக் கொண்டுபோனோம். அங்கே ரசீத் என்று ஒரு டாக்டர் கிளி, ஆமை எல்லாம் பார்க்கிறார். அவர் எக்ஸ்ரே எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். வயிற்றுக்குள் வெள்ளையாக ஒரு கட்டி, என் கட்டைவிரல் நீளம். எல்லாம் மணல்.

"முட்டையில ஒட்டிக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு. ரெண்டு மாசமா சேந்து குடல அடைச்சிட்டு" என்றார்.

பாப்பா முகம் வெளுத்துவிட்டது. "நான் தட்டு வைக்காம மணல் மேலயே முட்டைய வச்சேன். அதனாலயா டாக்டர்?"

"மணலே போட்டிருக்கக் கூடாதும்மா. யாரு போடச் சொன்னது?"

நீங்கள் எழுதிய கடிதம் என் கைப்பையில் இருந்தது. "உங்களுக்கு எது அழகாகத் தெரிகிறதோ" என்ற வரி எனக்கு மனப்பாடம். அதை எடுத்து நீட்டியிருக்கலாம். "யாரும் சொல்லலை டாக்டர், நானாத்தான் போட்டேன். முட்டையும் நான்தான் வச்சேன், அவ இல்ல" என்றேன். பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பாயைக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் அதை அங்கேயே வைத்திருக்கிறார். வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் இரண்டு வேளை உட்காரவைத்து வயிற்றைப் பைய நீவிவிடுகிறார்கள், வாயில் எண்ணெய் மாதிரி ஒரு மருந்து விடுகிறார்கள். அசைந்து கொடுக்காவிட்டால் அறுக்க வேண்டுமாம். அறுத்தால் பிழைப்பது கஷ்டம் என்கிறார். கீழே வெறும் பேப்பர்தான் விரித்திருக்கிறார்கள். கடைசியில் உங்கள் பேப்பர்தான்.

இந்த ஞாயிறு போனில் பாப்பா பேசாததற்கு நான் காரணம் இல்லை. போனை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். என்மேல் கோபம், சரி. உங்களோடு ஏன் பேசவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

பேச்சித்தாய்


பாளையங்கோட்டை
24 செப்டம்பர் 2024

பேச்சித்தாய்க்கு,

உங்கள் கடிதத்தைச் சனிக்கிழமை படித்தேன். இன்று செவ்வாய். இந்த மூன்று நாளில் நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மற்றவர்கள் சொல்வதைப் பிழையில்லாமல் அடிக்கிற கை, சொந்த விஷயத்துக்கு ஓட மாட்டேன் என்கிறது.

மணல் போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். சீனிக்கிழங்கை விற்றவர் என் தம்பியிடமும் என்னிடமும் சொன்னார், எது வேண்டுமானாலும் போடுங்கள், மணல் மட்டும் வேண்டாம், தீனியோடு விழுங்கிக் குடல் அடைத்துவிடும் என்று. உங்கள் முதல் கடிதத்தில் மூன்று யோசனை கேட்டிருந்தீர்கள். நார்க்கழிவு போடுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் அன்றைக்கு அதே கடிதத்தில் "என் பக்கத்தில்தான் படுக்கிறாள்" என்ற வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். மண்ணைப் பற்றி அவ்வளவு தெரிந்தவள் ஒரு தடவை தோற்கட்டும் என்று நினைத்தேன். ஏதோ பூஞ்சை பிடிக்கும், நாற்றம் அடிக்கும், ஹம்ஸினி முகம் சுளிப்பாள், அம்மா இருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று சொல்லுவாள். என் கற்பனை அவ்வளவோடு நின்றது. அதற்குமேல் யோசிக்காமல் இருக்க நானே பார்த்துக்கொண்டேன்.

இது மட்டும் என்றால்கூட, தெரியாமல் எழுதிவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லிச் சமாளித்திருப்பேன். நீங்கள் மணல் போட்ட வாரம் ஞாயிற்றுக்கிழமை ஹம்ஸினி போனில் கேட்டாள். "அம்மா, பேச்சிம்மா செவப்பு மணல் போட்டிருக்காங்க, சூப்பரா இருக்கு. பரவால்லையாம்மா?" அவள் குரலில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. நான் "ம்" என்றேன். ஒரே எழுத்து. பிறகு ஸ்கூலைப் பற்றிக் கேட்டேன்.

உங்கள் போட்டோ வந்தது. அதைக் கிழிக்கவும் இல்லை, வெளியே எடுத்து வைக்கவும் இல்லை. அலுவலக மேஜையில் காகிதங்களுக்கு அடியில் கிடக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. நான் இரண்டு வருஷம் பேப்பர் விரித்தேன், காலை எட்டரைக்குள் டிபன் கட்டி அவளை அனுப்பிவிட்டு ஓடுகிறவளுக்கு அதுதான் முடிந்தது. நீங்கள் ஒரே மாதத்தில் குகை கட்டிவிட்டீர்கள்.

அவள் உங்களோடு பேசவில்லை என்று படித்தபோது எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு டாக்டர் கேட்டபோது நீங்கள் பையைத் திறக்கவில்லை என்ற வரிக்கு வந்தேன்.

சனிக்கிழமை முதல் காலாண்டு லீவு. அவள் இங்கே வருவாள். அவளிடம் நானே சொல்லப் போகிறேன். நான் சொல்லாமல் விட்டால், இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுங்கள். அதற்காகத்தான் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். நேற்று வேலை முடிந்து ஜங்ஷனுக்குப் போய் சீனிக்கிழங்கைப் பார்த்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

சண்முகவடிவு


அம்பாசமுத்திரம்
26 செப்டம்பர் 2024

அக்கா என்று எழுதக் கூடாது என்றீர்கள், வேறு எப்படி எழுத என்று தெரியவில்லை, அதனால் அப்படியே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் கடிதத்தை நர்சரியில் வைத்துத்தான் படித்தேன். கோபம் வந்தது. மண்வெட்டியை எறிந்துவிட்டேன், ஒரு செம்பருத்தித் தொட்டி உடைந்துவிட்டது. அண்ணாச்சி, "என்னம்மா, பாம்பா?" என்று ஓடிவந்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் வரைக்கும் மனதுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டே மண் கலக்கினேன். திட்டத் திட்ட ஒன்று உறுத்த ஆரம்பித்தது. அதை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எனக்கும் தெரியும். குடல் அடைக்கும் என்றெல்லாம் தெரியாது. ஆனால் நான் மணலைச் சலித்துக்கொண்டிருந்தபோது பாப்பா வந்து, "பேச்சிம்மா, அம்மா மணல் மட்டும் போடக் கூடாதுன்னு சொல்லுவாங்க" என்றாள். நன்றாகக் காதில் விழுந்தது. "அது அங்கன உள்ள சட்டம். இங்கன நம்ம வீடுல்லா" என்று சொல்லிவிட்டுச் சலித்தேன். ஏன் கூடாது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த வீட்டில் எதை எடுத்தாலும் அம்மா இப்படி, அம்மா அப்படி. தோசைக்கு அம்மா மாதிரி ஓரம் முறுகலாக வேண்டும், சடைக்கு அம்மா மாதிரி நடுவகிடு எடுக்க வேண்டும். அவரும் சும்மா இருப்பதில்லை, "வடிவு கையெழுத்து மணி மணியா இருக்கும்" என்பார், உங்கள் கடிதம் வந்தால் கவரையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரே ஒரு பெட்டிக்குள்ளாவது உங்கள் சட்டம் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்குத்தான் அந்த மணல்.

டாக்டர் முன்னால் நான் பழியை ஏற்றுக்கொண்டதைப் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். பையைத் திறக்காததற்குக் காரணம் நல்ல மனசு மட்டும் இல்லை. பாப்பா பக்கத்தில் நின்றாள். நான் கடிதத்தை எடுத்தால், மணல் சலிக்கும்போது என்னிடம் சொன்ன அந்த வாக்கியத்தை அவள் எடுத்துவிடுவாளோ என்று பயம்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கோர்ட்டில் அவள் அப்பா வீடு என்று சொன்னது எங்களுக்காக இல்லை. உங்கள் வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் அவளைப் பிடித்து, "அந்த அரணை இருந்தா ஆடி பிறக்குமுன்ன வீட்டக் காலி பண்ணணும்னு ஒங்கம்மாட்ட சொல்லு" என்றார்களாம். மூன்று வருஷத்தில் நீங்கள் நாலு வீடு மாறினீர்களாமே. நீங்கள் சாமான் கட்டும்போது அழுவீர்கள் என்று சொன்னாள். அதனால் உங்களிடம் சொல்லவே இல்லை. "நான் கெழங்கத் தூக்கிட்டு இங்க வந்துட்டா அம்மா வீடு மாற வேண்டாம்லா" என்றாள். ஜூலையிலேயே என்னிடம் சொன்னாள். நான் உங்களுக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் நீங்கள் அன்றைக்கே வந்து கூட்டிப்போயிருப்பீர்கள்.

பேச்சித்தாய்


பாளையங்கோட்டை
6 அக்டோபர் 2024

பேச்சிக்கு,

இன்று மாலை குமரகுருபரன் வந்து ஹம்ஸினியைக் கூட்டிப்போவார். அதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். சமையலறையில் நின்று, வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னேன், கண்ணீருக்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்று. மணல் ஆகாது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் பேசாமல் இருந்தேன் என்றேன்.

அவள் அழவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். "நான் ஒன்ட்ட கேட்டேன்லா, நீ 'ம்'னு சொன்ன. மொதல்ல நீ காதுல வாங்கலைன்னு நெனச்சேன். டாக்டர் எக்ஸ்ரே காட்டும்போதுதான் காதுல வாங்கிட்டுத்தான் சொன்னியோன்னு தோணிச்சு." பிறகு, "அதான் போன்ல பேசல" என்றாள்.

பேச்சி, நான் பதினான்கு வருஷம் குறுக்கு விசாரணைகளைத் தட்டச்சு செய்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி இல்லாத விசாரணையை நான் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து தினமும் நகரப் பேருந்தில் ஜங்ஷனுக்குப் போனோம். முதல் இரண்டு நாள் என்னை வாசலிலேயே நிற்கச் சொன்னாள், நின்றேன். மூன்றாம் நாள் உதவியாள் வரவில்லை. "அம்மா, தொட்டியப் பிடி" என்றாள். நான் தொட்டியைப் பிடிக்க, அவள் வயிற்றை நீவ, சீனிக்கிழங்கு தண்ணீரில் சிவப்பாக ஒரு கோடு விட்டது. டாக்டர் ரசீத் எட்டிப் பார்த்து, "வருது, வருது, நிறுத்தாதீங்க" என்றார். நாங்கள் மூன்று பேரும் ஓர் அரணையின் பின்புறத்தைப் பார்த்துச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நேற்றோடு மணல் முழுவதும் வந்துவிட்டது. அறுக்க வேண்டாம்.

வீட்டுக்கார அம்மா சொன்னதைப் பற்றி அவளிடம் கேட்டேன். நீங்கள் சொன்னதையே சொன்னாள். ஆறு மாதமாக, என்னை விட்டு உங்களிடம் போனாள் என்று நினைத்து உங்களைச் சபித்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்காகத்தான் போயிருக்கிறாள். ஜூலையிலேயே தெரிந்தும் எழுதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. நீங்களும் என்னை மன்னிக்க வேண்டியதில்லை.

உங்கள் பங்கை நான் அவளிடம் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

சண்முகவடிவு


அம்பாசமுத்திரம்
27 அக்டோபர் 2024

அக்கா,

சொல்லிவிட்டேன். அவள் வந்து மூன்று நாள் வரைக்கும் தைரியம் வரவில்லை. நாலாம் நாள் தலை பின்னும்போது, அவள் முகம் எனக்குத் தெரியாதபோது சொன்னேன். "நீ அன்னைக்குச் சொன்னது என் காதுல விழுந்துச்சு பாப்பா. வேணும்னுதான் கேக்காத மாதிரி இருந்தேன்." பாதிச் சடையோடு எழுந்து போய்விட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அப்படியே போனாள்.

ஒரு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை நர்சரிக்கு வந்தாள். கையில் டாக்டரிடம் கேட்டு எழுதின தாள். "மண்ணு கலக்கணும். நான் சொல்லுதபடி" என்றாள். நான் எட்டு வருஷம் வேலை பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொல்லச் சொல்லக் கலக்கினேன். நார்க்கழிவை அள்ளினால், "எத்தன தடவ கழுவுனீங்க?" என்று கேட்கிறாள். இரண்டு தடவை என்றேன். உப்பு போயிருக்காது, இன்னொரு தடவை என்றாள். வழக்கமாகத் தொட்டி மண்ணில் வேப்பம் புண்ணாக்கு போடுவோம், கை தானாக அந்த டப்பாவுக்குப் போனது. மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அப்புறம் விடவில்லை அக்கா, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

சீனிக்கிழங்கு வந்துவிட்டது. புது மண்ணில் விட்டதும் மூக்கை நுழைத்தது, தோளை அசைத்தது, வால் நுனி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இரண்டு மணி நேரம் காணவில்லை. பாப்பா பெட்டிக்கு முன்னால் குப்புறப்படுத்து, "உள்ள இருக்கான்... உள்ள இருக்கான்" என்று சிரித்துக்கொண்டே இருந்தாள். பாய் இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது.

பேச்சி


பாளையங்கோட்டை
6 ஏப்ரல் 2025

பேச்சிக்கு,

அவள் குப்புறப்படுத்துச் சிரித்ததை எழுதியிருந்தீர்கள். பொங்கலுக்கு முன்பே பதில் எழுத நினைத்தேன். அந்த வரிக்கு வரும்போதெல்லாம் பேனாவை மூடிவிடுவேன். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் சிரிப்பு கேட்கும். கண் சுருங்குவது தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். பெருமாள்புரத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. பின்னால் ஒரு சின்ன அறை, கிழக்குப் பார்த்த ஜன்னல். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தாசில்தார். என்னிடம் ஓர் அரணை இருக்கிறது, இந்தந்த அளவு, இன்ன இனம், விஷமில்லாதது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி அவரைக் கையெழுத்துப் போடவைத்துவிட்டேன். அவர் படித்துப் பார்த்து, "எம்மா, பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு எழுதி வாங்கல" என்றார்.

உத்தரவுப்படி பள்ளி வருஷம் முடிந்ததும் ஹம்ஸினியிடம் மறுபடி கேட்கலாம். நான் இன்னும் கேட்கவில்லை. நான் கேட்டால் அவள் மறுபடியும் எனக்கு எது கஷ்டம், உங்களுக்கு எது கஷ்டம் என்று யோசிக்கத் தொடங்குவாள். அதனால் முதலில் உங்களிடம் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் கையில். இந்தத் தடவை இதில் உள்குத்து எதுவும் இல்லை. வருவாள் என்றால் நல்லது. அங்கேதான் இருப்பாள் என்றால், வீட்டை நான் வைத்துக்கொள்கிறேன். லீவுக்கு வரும்போது சீனிக்கிழங்குப் பயலுக்கும் ஓர் அறை வேண்டுமே.

வடிவு


அம்பாசமுத்திரம்
25 மே 2025

வடிவக்காவுக்கு,

ஏழு வாரம் ஆகிவிட்டது. கடிதம் வந்த அன்றைக்கே படித்துவிட்டேன். கொடுப்பதும் கொடுக்காததும் என் கையில் என்று நீங்கள் எழுதியது எனக்கு நல்லதாகப் படவில்லை, அது கையில் நெருப்பைக் கொடுத்த மாதிரி. அரிசி டிரம்மில் ஒளித்துவைத்தேன். பரீட்சை முடியட்டும் என்றேன், பரீட்சை முடிந்தது. சித்திரை முடியட்டும் என்றேன், அதுவும் முடிந்தது. தினமும் அரிசி அளக்கும்போது கவர் கையில் தட்டும். அவரிடம்கூடச் சொல்லவில்லை.

போன வாரம் பாப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் விரித்தாள். எட்டு மாதத்துக்கு அப்புறம். காலைத் தூக்கி என்மேல் போட்டுத் தூங்கிவிட்டாள். இனிமேல் ஒளிக்க எனக்கு வழி இல்லாமல் போயிற்று. விடிந்ததும் அரிசிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். தேதியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீங்களாக் குடுத்துட்டீங்கல்லா" என்றாள். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் அங்கே, லீவுக்கெல்லாம் இங்கே என்று சொல்லிவிட்டாள். வரும் ஞாயிறு காலை அவர் கொண்டுவந்து விடுவார்.

சீனிக்கிழங்கின் பெட்டிக்கு இரண்டு சாக்கு மண் கலந்து அனுப்புகிறேன். நார்க்கழிவு மூன்று பங்கு, தேங்காய் மட்டைச் சில்லு ஒரு பங்கு, சலித்த செம்மண் அரைப் பங்கு, இலைமக்கு ஒரு பங்கு. நார்க்கழிவை மூன்று தடவை கழுவி, கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு இல்லை. உரம், புண்ணாக்கு எதுவும் கிடையாது. அரை ஜாண் ஆழத்துக்குப் போடுங்கள், குறைந்தால் அவனுக்கு ஒளியத் தெரியாமல் கோபம் வரும். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. விளக்குப் பக்கம் காய்ந்திருக்கட்டும், மறுபக்கம் ஈரமாக இருக்கட்டும். அந்த ஈரம் போனால் விரல் நுனியில் தோல் உரியாமல் நின்று விரலே கருகிவிடும் என்று டாக்டர் சொன்னார். சாப்பாடு சட்டியில்தான், ஒரு வாய்கூட மண்ணில் வேண்டாம். அழுக்கை அன்றன்றைக்கு அள்ளிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முழுசாக மாற்ற வேண்டும், எழுதினால் புதுச் சாக்கு அனுப்புகிறேன். பாப்பாவுக்கு எல்லாம் தெரியும், இருந்தாலும் நான் சொல்ல வேண்டியதை எதுவும் விடாமல் சொல்லிவிட்டேனா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அந்தப் பெட்டியை ஜன்னல் பக்கம் வைப்பீர்கள். அவள் முன்னால் குப்புறப்படுப்பாள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது அக்கா. எழுதினால் குறையும் என்றுதான் எழுதுகிறேன். குறையவில்லை.

பேச்சி